எதிரியைச் சுற்றி ஒரு பச்சைச் சதுரம்

செகந்திராபாத்தின் லோத்குண்டாவிலிருந்து கரீம்நகர் சாலையில் வடக்கே போனால் சிறிது தூரத்தில் ஹக்கீம்பேட்டை விமானப்படை நிலையம். போர் விமானிகளாகப் போகிற இளைஞர்கள் கிரண் ஜெட் விமானத்தில் பழகும் இடம். வடமேற்கே துண்டிகல்லில் விமானப்படைக் கழகம். ஜாய்ஸ்டிக்கைக் கணினியில் செருகி எஃப்-16 ஓட்டுகிற பிள்ளைகள் எந்த ஊரிலும் இருப்பார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஜெட் இரைச்சல் வெளியிலிருந்தும் வரும்.

போர் விமான சிமுலேட்டரில் முதன்முறை உட்காருகிறவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு பச்சைச் சதுரம். எதிரி விமானம் புள்ளியாகக்கூடத் தெரியாது. சதுரம் மட்டும் வானத்தில் அது இருக்கும் இடத்தைச் சரியாகச் சுற்றி நிற்கும். எதிரி திரும்பினால் சதுரமும் நகரும். இந்தச் சதுரத்தை ஆட்டக்காரர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உண்மையான காக்பிட்டில் பிறந்து, வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்தது அது.

அதன் மூதாதை ஒரு வளையம். 1900இல் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் ஒரு குறிபார்க்கும் கருவியை அமைத்தார். வில்லை வழியாக வரும் ஒளியைச் சாய்வான கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்தால், அதில் தெரியும் குறி தொலைதூரத்தில் மிதப்பதாகத் தோன்றும். நடக்கும்போது நிலா கூடவே வருவதைப் போல, தலையை அசைத்தாலும் குறி இலக்கை விட்டு விலகாது. கண்ணும் அருகே ஒரு முறை, தொலைவில் ஒரு முறை என்று பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானிகள் பார்த்ததெல்லாம் இந்த முறையில் அமைந்த வளையத்தைத்தான்.

ஆனால் அந்த வளையம் அசையாது. எதிரி எங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. போரின் பிற்பகுதியில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் உருவான ஜைரோ குறிபார்வை அதை அசைய வைத்தது. ஆறு சிறிய வைரக் குறிகள் சேர்ந்த வட்டம் ஒன்று கண்ணாடியில் தெரியும். எதிரி விமானத்தின் இறக்கை நீளத்தை விமானி முதலில் கருவியில் குறித்துவிட வேண்டும். பிறகு திராட்டில் பிடியைத் திருகித் திருகி, எதிரியின் இறக்கை முனைகளை வட்டம் தொடும்படி வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து தூரம் கிடைத்தது. விமானம் திரும்பும் வேகத்தை ஜைரோ அளந்தது. இரண்டையும் வைத்து, குண்டு போய்ச் சேரும் நேரத்தில் எதிரி எங்கே இருப்பான் என்பதற்கேற்பக் கருவியே வட்டத்தைத் தள்ளிக் காட்டியது. எதிரியைச் சுற்றி ஒரு கட்டம் என்ற எண்ணம் இங்கேதான் தொடங்குகிறது. கட்டத்தைப் பொருத்தும் வேலை மட்டும் இன்னும் விமானியின் கையில் இருந்தது.

அந்த வேலையை அவன் கையிலிருந்து வாங்க ரேடார் வேண்டியிருந்தது. ரேடாரோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. இரவுப் போர் விமானங்களில் பின்னால் இருக்கும் ரேடார் இயக்குநர் வாய்மொழியாகத் திசை சொல்லுவார். அதைக் கேட்டு உடனடியாகத் திரும்ப முடியாமல் விமானிகள் திண்டாடினார்கள். விமானிக்கே ஒரு ரேடார் திரையை வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமான திரையைப் பார்த்த கண், இருட்டு வானத்தில் எதுவும் தெரியாமல் தவித்தது. 1942இல் பிரிட்டிஷ் ரேடார் ஆய்வாளர்கள் ரேடார் படத்தைக் குறிபார்வையின் ஒளியோடு சேர்த்து முன்கண்ணாடியிலேயே விழச் செய்தார்கள். தலையைக் குனியாமல் தகவலைப் பார்க்கும் வழி பிறந்தது.

அது முழு வடிவம் பெற்றது பிரிட்டிஷ் கடற்படையின் பக்கனீர் விமானத்தில். 1958இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தில்தான் ஹெட்-அப் டிஸ்பிளே அன்றாடப் பணிக்கு வந்தது என்பது விமான வரலாற்றில் பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அதன் பிறகு கணினிகள் சிறுத்தன, அவற்றின் வேகம் கூடியது. எதிரி இடவலமாக எத்தனை கோணம், மேல்கீழாக எத்தனை கோணம், எவ்வளவு தூரம் என்பதை ரேடார் சொல்லும். தன் விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைத் திசைக் கருவிகள் சொல்லும். இரண்டையும் கூட்டிக் கழித்து, கண்ணாடியில் எந்த இடத்தில் சதுரம் போட வேண்டும் என்று கணினி விநாடிக்குப் பல முறை கணக்கிடும். எதிரி கண்ணாடியின் எல்லைக்கு வெளியே போய்விட்டால்? எஃப்-16இல் அதற்கும் ஏற்பாடு உண்டு. எதிரி இருக்கும் பக்கமாக ஒரு கோடு நீளும். எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறான் என்று ஓர் எண்ணும் தெரியும்.

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. தேஜஸ் விமானத்தின் ஹெட்-அப் டிஸ்பிளேயை உருவாக்கியது சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம். முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018இல் கோவை அருகே சூலூருக்கு வந்தது. 2020இல் இரண்டாவது பிரிவும் அங்கேயே தொடங்கப்பட்டது.

சதுரம் கண்ணாடியோடு நிற்கவும் இல்லை. கண்ணாடி காட்டுவது முன்புறத்தின் ஒரு சிறு பகுதியைத்தான். நெருக்கத்தில் நடக்கும் சண்டையில் எதிரி பெரும்பாலும் தோளுக்குப் பின்னால்தான் இருப்பான். ஆகவே குறி ஹெல்மெட்டுக்கு ஏறியது. 1980களில் சோவியத் மிக்-29இல் விமானி தலையைத் திருப்பிப் பார்த்த பக்கமே ஆர்-73 ஏவுகணையின் தேடுகண்ணும் திரும்பியது. அந்த விமானம் 1987இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தது.

வீட்டுக் கணினிக்கு வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. காக்பிட்டில் விமானிக்குக் கழுத்து இருக்கிறது. ஆட்டக்காரர் கழுத்தைத் திருப்பினால் தெரிவது அறையின் சுவர்தான். 1991இல் வெளியான ஃபால்கன் 3.0 இதற்கு ஒரு வழி காட்டியது. ஒரு விசையைத் தட்டினால் பார்வை எதிரியின் மேல் பூட்டிக்கொள்ளும். அவன் போகுமிடமெல்லாம் திரையும் திரும்பும். பேட்லாக் என்ற பெயரில் இந்த வசதி வழக்கமாயிற்று. இதற்கும் ஒரு விலை இருந்தது. எதிரியையே பார்த்துக்கொண்டிருந்தவர் தன் மூக்கு எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் என்று மறந்து நேராக மண்ணில் போய் மோதினார். பின்னால் வந்த ஆட்டங்கள் மூக்கின் திசையைக் காட்டும் குறிகளைப் பார்வையோடு சேர்த்தன. 2000களில் டிராக்ஐஆர் போன்ற கருவிகள் வந்தன. தொப்பியில் மாட்டிய சிறு பிரதிபலிப்பான்களை அகச்சிவப்புக் கேமரா கவனித்து, தலையசைவைத் திரையசைவாக மாற்றியது. ஆட்டக்காரருக்கும் கழுத்து கிடைத்தது.

வளையத்திலிருந்து ஹெல்மெட் வரை இதில் ஒரே முயற்சிதான் தொடர்கிறது: விமானியின் கண்ணை வானத்தை விட்டு எடுக்காமல் வைத்திருப்பது. ஆனால் கருவி நன்றாக வேலை செய்யச் செய்ய, கண் வானத்தை விட்டுச் சதுரத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. சதுரம் காட்டுவது ரேடார் பிடித்துவைத்திருக்கும் ஒருவனை. அவனோடு வந்த இரண்டாமவனை அது காட்டாது. சிமுலேட்டரில் சுடப்பட்டு விழுகிறவர்களில் பலர் விழுவது அந்த இரண்டாமவனால்தான்.

ஆகவே புதிதாக ஜாய்ஸ்டிக் பிடிக்கிறவர்களுக்கு ஒரு சொல். சதுரத்தை நம்புங்கள், ஆனால் அதிலேயே குடியிருக்க வேண்டாம். ஒரு பார்வை சதுரத்துக்கு. அடுத்தது இரு தோள்களுக்கும் பின்னால். அடுத்தது ரேடார் எச்சரிக்கைக் கருவிக்கு. அடுத்தது உயரத்துக்கும் எரிபொருளுக்கும். பிறகு மறுபடி சதுரம். வாரத்தில் ஒரு நாளாவது பேட்லாக்கையும் திரையில் விமானங்களின் அருகே தெரியும் பெயர்ச் சீட்டுகளையும் அணைத்துவிட்டு, வெறும் கண்ணால் எதிரியைத் தேடிப் பழகுங்கள். அந்தப் பழக்கம் உள்ளவர் கையில்தான் சதுரம் முழுப் பயன் தரும்.