பிழை காட்டிய உண்மை

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், ஒரே பிழை இரு சுவடிகளில் காணப்படுமாயின், அவை ஒரே மூலத்தினின்று பெயர்த்தெழுதப்பட்டவை என்று துணிவர். பிழையும் ஒரு சான்றாகும் என்பது அவர்தம் அனுபவம். இவ்வுண்மையே மனிதரின் புற்றுநோய்க்குக் காரணம் தேடிய அறிவியலாளர்க்கும் கைவிளக்காயிற்று.

காரணம் தேடும் முயற்சி புதியதன்று. 1775ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துப்புரவு செய்வோரை வருத்திய விரைப்பைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்றார். அது நோயாளரின் தொழிலை நோக்கி, புறத்தேயிருந்து கண்ட முடிவு. உடலின் உள்ளேயே சான்று தேடும் வழி பிறக்க, மேலும் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன.

மரபணுக்கள் அமைந்த டி.என்.ஏ. இழை, அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. உயிரணு பிரியும்பொழுது இவ்வெழுத்துகள் முழுவதும் படியெடுக்கப்படுகின்றன. ஏடெழுதுவோர் கை பிழைப்பதுபோல இங்கும் பிழை நேர்வதுண்டு. நஞ்சு தலையிடின் பிழை மிகும். அதுவும் அந்நஞ்சிற்கே உரிய முறையில் மிகும். கதிரவனின் புறஊதாக் கதிர் சைட்டோசினைத் தைமினாக்கும். புகையிலைப் புகை பெரிதும் குவானைனைத் தைமினாக்கும். 2013ஆம் ஆண்டில் 7,042 புற்றுநோய்களை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர்கள், 20க்கும் மேற்பட்ட பிழை முறைகளை வகுத்துக் காட்டினர்.

இவ்வறிவின் பயனை உணரப் பால்கன் நாடுகளின் வரலாறு ஒன்றே போதும். தன்யூப் ஆற்றையும் அதன் துணையாறுகளையும் அடுத்த சில சிற்றூர்களில், உழவர்தம் சிறுநீரகங்கள் மெல்லமெல்லச் சுருங்கிச் செயலிழந்தன. அவருள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. ஓர் ஊரில் குடும்பம் குடும்பமாக மக்கள் மடிய, அடுத்த ஊர் நலமாய் இருந்தது. 1950களில் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்த இந்நோய்க்குக் கிணற்று நீர், உலோகம், பூஞ்சணம், நுண்கிருமி, பரம்பரை எனப் பலவும் காரணமாகக் கூறப்பட்டன. 1969இல் மிலென்கோ இவிச் என்னும் மருத்துவர், கோதுமை வயலில் களையாய் வளரும் அரிஸ்டோலோக்கியா என்னும் செடியின் விதை மாவில் கலப்பதே காரணம் என்றார். அன்று அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

பின்னர், எதிர்பாராத இடத்திலிருந்து ஒளி பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய வேண்டி மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தனர். வேறொரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியாச் செடியின் வேர் அதிற் கலந்துவிட்டமை பின்னர் வெளியாயிற்று. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேருள் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்ததாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவர்தம் சிறுநீரகம் பழுதுற்ற விதம் பால்கன் உழவரை ஒத்திருந்தது.

அச்செடியிலுள்ள அமிலம் அடினைனைப் பற்றிக்கொள்கிறது; படியெடுக்கும்பொழுது அவ்விடத்தில் தைமின் புகுந்துவிடுகிறது. வேறெந்த நஞ்சும் அரிதாகவே செய்யும் பிழை இது. ஆர்தர் குரோல்மன் என்னும் அமெரிக்க அறிஞரும் குரோவேசிய மருத்துவரும் அவ்வுழவரின் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தபொழுது, புற்றுநோயைத் தடுக்கும் காவலனாகிய பி53 மரபணுவில் அப்பிழையே காணப்பட்டது. 2007இல் அம்முடிவு வெளிவந்தது. இவிச் கூறியது மெய்யென நிறுவப்பட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

செய்தி ஐரோப்பாவோடு நின்றதா? இல்லை. அச்செடி சேர்ந்த மருந்துகளைத் தைவான் 2003இல் தடைசெய்தது. எனினும் முன்னரே உண்டவர் உடலில் பிழை பதிந்துவிட்டிருந்தது. 2013இல் சிங்கப்பூர், தைவான் அறிஞர்கள், சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயில் அதனைப் பெருமளவிற் கண்டனர். 2017இல் தைவானைச் சேர்ந்த 98 கல்லீரல் புற்றுநோய்களை ஆராய்ந்ததில், 78 விழுக்காட்டில் அதே பிழை தென்பட்டது. ஓரிடத்தில் உணவாகவும், ஓரிடத்தில் மெலிய வைக்கும் மாத்திரையாகவும், ஓரிடத்தில் மரபு மருந்தாகவும் நஞ்சு புகுந்தது. வாயில் மூன்று, பிழை ஒன்றே.

தமிழரும் இதனை அயலார் கதையெனக் கருதி ஒதுக்குதற்கில்லை. நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்ற ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகளே. ஆடும் தின்னாதது என்று பெயரிலேயே எச்சரித்தனர் முன்னோர். மூலிகை என்பதனால் தீங்கில்லை என்றும், பழைமையானது என்பதனால் ஆராய வேண்டுவதில்லை என்றும் எண்ணுவது அறிவுடைமை ஆகாது. முன்னோர் மருத்துவத்தைப் போற்றுதல் வேறு. சோதியாது உட்கொள்ளுதல் வேறு.

மாணவர் ஏட்டில் பிழை கண்டால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அமைவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. அது ஏன் நேர்ந்தது என்று வினவும்பொழுதே கல்வி தொடங்குகிறது. அவ்வினாவை உயிரணுவை நோக்கி எழுப்பியவர்கள், பல ஊர்களின் துயருக்கு விடை கண்டனர். கண்ட விடையைக் கைக்கொண்டு அடுத்த தலைமுறையைக் காப்பது நம் அனைவர் கடனாகும்.