ஈபிக்கு ஒரு கணக்கு, ஜெனரேட்டருக்கு ஒரு கணக்கு

விசைத்தறிகளைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆர்.கே.பேட்டைப் பக்கம் போயிருந்தேன். ஒரு தறிக்கூடத்தின் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. உள்ளே கெபாசிட்டர்கள், ஒயர்களைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

"இது ஏன்ணே இப்படி இருக்கு?"

"அது கரண்ட் கட் காலத்துக் கதை தம்பி. ஜெனரேட்டர்ல ஓட்டிக்கிட்டிருந்தோம். சாப்பாட்டுக்குத் தறியெல்லாம் நிறுத்துனா, லைட்டு பளிச்சுனு எரிஞ்சு ஒண்ணொண்ணா போயிடுச்சு. ஜெனரேட்டர்க்காரரு கெபாசிட்டர் மேல பழி போட்டாரு. கெபாசிட்டர் வித்தவரு ஜெனரேட்டர் மேல போட்டாரு. அன்னைக்குக் கழட்டுனதுதான்."

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. பொருள் இரண்டும் நல்ல பொருள்தான். கணக்குதான் தப்பு. அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் கொஞ்சம் வரலாறு கிடைக்கிறது.

டொலிவோ டொப்ரோவோல்ஸ்கி 1889-இல் மூன்று பேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரைச் செய்தார். 1891-இல் லாஃபனிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூன்று பேஸ் மின்சாரம் போனது. உலகத் தொழிற்சாலைகள் அந்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வேலை செய்யும் மின்சாரம் போக, காந்தப்புலத்தை உண்டாக்கத் தனியாக ஒரு மின்னோட்டம் கேட்கும். ஊடை நூல் இல்லாத நாடா மாதிரி அது போகும், வரும், துணி நெய்யாது. ஆனால் ஒயரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சூடாக்கும். மொத்தச் சுமையில் (கேவிஏ) உண்மையாக வேலை செய்யும் பங்குதான் பவர் ஃபேக்டர்.

அந்த நாடாவை மோட்டாரின் பக்கத்திலேயே ஓடவைக்க வந்தது கெபாசிட்டர். மின் வழங்கலில் அது 1914 வாக்கிலேயே நுழைந்துவிட்டது. ஆனால் விலையும் எடையும் அதிகம் என்பதால் பரவ இருபது வருஷம் ஆனது. நம்மூரில் 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து கோவை மில்கள் பெருகின. 1957-இல் மின்வாரியம் அமைந்தது. பவர் ஃபேக்டர் குறைந்தால் கூடுதல் கட்டணம் என்ற விதியும் பிறகு வந்தது. 18.6 கிலோவாட்டுக்கு, அதாவது 25 குதிரைத்திறனுக்கு, மேற்பட்ட தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கு 0.85 வேண்டும். ஆக, நம் எலக்ட்ரீஷியன்கள் கற்ற கெபாசிட்டர் கணக்கு முழுக்க ஈபி பில்லுக்கான கணக்கு.

2008 நவம்பர் 1 முதல் உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம்கூட கரண்ட் இல்லை. கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2015 ஜூனில். அந்த ஏழு வருஷத்தில்தான் ஈபிக்குப் போட்ட கெபாசிட்டர்கள் பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரை நேருக்கு நேர் சந்தித்தன.

இனி கணக்கு. 40 தறி ஓடுகிறது, உண்மைச் சுமை 20 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சுமையில் ஓடும் சின்ன மோட்டார்கள் என்பதால் பவர் ஃபேக்டர் 0.6 இருக்கும். மொத்தம் 33 கேவிஏ. வெட்டியாகப் போய்வருவது சுமார் 27 கேவிஏஆர். ஈபிக்காக 0.95-க்குக் கொண்டுவர 20 கேவிஏஆர் கெபாசிட்டர் வேண்டும். அதையே நிரந்தரமாக மாட்டிவிடுவார்கள்.

ஜெனரேட்டர் 40 கேவிஏ. சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நிற்கின்றன, லைட் மட்டும் எரிகிறது. ஆனால் 20 கேவிஏஆர் கெபாசிட்டர் லைனிலேயே இருக்கிறது. மின்வாரியத்தின் பெரிய வலைப்பின்னலுக்கு இது தூசு. தனியாக நிற்கும் ஆல்டர்னேட்டருக்கோ, அதன் அளவில் பாதி. கெபாசிட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்துக்கே வலுவூட்டும். வோல்டேஜ் ஏறுகிறதே என்று ஏவிஆர் ஃபீல்டைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசியில் குறைக்க ஒன்றும் மிச்சமிருக்காது, வோல்டேஜ் கையை விட்டுப் போய்விடும். பொதுவாக ஓர் ஆல்டர்னேட்டர் தாங்குவது அதன் கேவிஏ-வில் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே 8 கேவிஏஆர்தான்.

சரி, ஜெனரேட்டருக்குக் கெபாசிட்டரே வேண்டாமா? அப்படியும் இல்லை. ஜெனரேட்டரின் அளவு 0.8-ஐ வைத்துச் சொல்லப்படுவது. 40 கேவிஏ என்றால் 32 கிலோவாட், 24 கேவிஏஆர். நம் தறிகள் கேட்பது 27, அதாவது அளவுக்கு மேல். 0.8-க்குக் கொண்டுவந்தால் போதும். அதற்கு 12 கேவிஏஆர் போதும். மொத்தச் சுமை 33-லிருந்து 25 கேவிஏ-வாக இறங்கும்.

டீசல் மிச்சமாகுமா என்றால், பெரிதாக இல்லை. என்ஜின் சுமப்பது கிலோவாட்டை. அது அதே 20 தான். கெபாசிட்டரை 'டீசல் சேவர்' என்று யாராவது விற்க வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த 12-ஐயும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. பத்துத் தறிக்கு 3 கேவிஏஆர் வீதம் நான்காகப் பிரித்து, அந்தந்தத் தறிகளின் கான்டாக்டரோடு இணைக்க வேண்டும். தறி வரிசையை அணைத்தால் கெபாசிட்டரும் கூடவே போகும். மீதி 8 கேவிஏஆர் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு முன்னால், ஈபி பக்கத்தில் இருக்கட்டும்; ஜெனரேட்டர் ஓடும்போது அது கூடத்தோடு சேராது. லைன் மாற்றும்போது கெபாசிட்டரின் மிச்ச மின்னேற்றம் வடிய ஒரு நிமிஷமாவது விட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். அவர் சீட்டை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கரண்ட் ஒழுங்கா வர ஆரம்பிச்ச பிறகும் இதைக் கழட்டியே வெச்சிருக்கேனே, அத்தனை வருஷமும் பில்லுல வெட்டிக்குத் தண்டம் கட்டியிருக்கேனா?"

பழைய பில்களை எடுத்து வரச் சொன்னேன். பவர் ஃபேக்டர் அபராதம் என்று ஒரு வரி, ஒவ்வொன்றிலும் இருந்தது.