செய்தவன் பெயர்: மடிக் கிதாரின் வரலாற்றை முன்வைத்துச் சில கேள்விகள்

‘கண்டுபிடிப்பு’ என்கிற சொல்லை வரலாற்றுப் புத்தகங்கள் ரொம்பச் சுலபமாகப் பயன்படுத்திவிடுகின்றன. ஒரு ஆள், ஒரு வருஷம், ஒரு பொருள். மூன்றும் ஒரே வரியில் உட்கார்ந்துவிட்டால் விஷயம் முடிந்தது. இடிக்கப்பட்ட வீடொன்றிலிருந்து கிடைத்த பலாமரக் கதவுப் பலகையை வைத்துக்கொண்டு, கும்பகோணத்துப் பக்கம் தச்சுவேலை செய்யும் ஒருவரோடு சேர்ந்து, போன வருஷம் ஒரு மடிக் கிதார் செய்யப் புறப்பட்டேன். இந்த வரியின் மீதான என் நம்பிக்கை அந்தப் பட்டறையில்தான் கழன்றது.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லேப் ஸ்டீல் என்று அழைக்கப்படும் இதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. மடியில் மல்லாக்கக் கிடத்தி வாசிக்க வேண்டும். கம்பிகள் மரத்தைவிட்டு உயர்ந்து நிற்கும். இடதுகை விரல்கள் கம்பியை மரத்தோடு சேர்த்து அழுத்தாது. கையில் இருக்கும் எஃகுத் துண்டு கம்பிகளின் மேல் வழுக்கிப் போகும். ஸ்வரங்களுக்கிடையே படிக்கட்டு கிடையாது, சரிவுதான். கோட்டு வாத்தியம் கேட்ட காது இருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

வழக்கமான கதை இது. ஹவாயியின் ஓஆஹு தீவிலுள்ள லாயி என்னும் ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற சிறுவன், 1889 வாக்கில், ரயில் பாதையோரம் கிடந்த ஒரு இரும்புத் துண்டைக் கிதார்க் கம்பியில் தேய்த்துப் பார்த்தான். அதில் எழுந்த ஒலியில் மயங்கிப்போனான். கதையின் வேறு வடிவங்களில் இரும்புக்குப் பதில் கத்தி வருகிறது, சீப்பு வருகிறது. நியூட்டனுக்கு ஆப்பிள் மாதிரி, இவனுக்கு ஒரு இரும்பு. தற்செயலைத் தெய்வமாக்கும் இந்த வகைக் கதையாடலில் ஒரு வசதி உண்டு. உழைப்பைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

ஆனால் கெகுகு படித்தது கமேஹமேஹா ஆண்கள் பள்ளியில். 1887இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளி கைத்தொழில் கல்விக்குப் பெயர்போனது. தச்சும் கொல்லும் கற்றுக்கொடுத்தார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் கைவேலை போதும் என்கிற காலத்தின் கருத்தியல் அதில் ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. நம்ம ஊர் மிஷன் பள்ளிகளின் தொழிற்பிரிவுகளை நினைத்துக்கொள்ளலாம். கெகுகு தன் எஃகுத் துண்டைச் செய்துகொண்டது அந்தப் பள்ளியின் பட்டறையில்தான் என்று சொல்கிறார்கள். கம்பிகளை உயர்த்தினான், நரம்புக்குப் பதில் உலோகக் கம்பி மாட்டினான். கீழ்ப்படியும் கைகளை உருவாக்குவதற்காக அமைத்த பட்டறையிலிருந்து இப்படியொரு காரியம் வெளியே வந்திருக்கிறது. தற்செயல் என்றால், கையில் அரமும் பட்டறையும் இருந்தவனுக்கு வாய்த்த தற்செயல் அது.

பிறகு நடந்தவற்றின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1893இல் லிலியுஓகலானி அரசி ஆட்சியிலிருந்து இறக்கப்பட்டார். அவரே பெரிய பாடலாசிரியர். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகளை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. 1904இல் கெகுகு அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கப்பலேறினார். திரும்பவேயில்லை, 1932இல் நியூ ஜெர்சியில் இறந்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாயி இசை கேட்டு அமெரிக்கா கிறங்கிப்போனது. நாட்டை விழுங்கியவர்கள் அந்த நாட்டின் பாட்டுக்குத் தலையாட்டுகிறார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஆதிக்கம் எப்போதும் இரண்டையும் சேர்த்தே செய்கிறது.

இங்கே நம்ம ஆட்கள் குறுக்கிடுவார்கள். கேப்ரியல் டேவியன் என்றொருவர், இந்தியாவில் பிறந்து கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு ஹோனலூலு வந்து சேர்ந்தவர், கெகுகுவுக்கு முன்பே கம்பிமேல் எதையோ வழுக்கி வாசித்தார் என்று ஒரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு, சாரங்கதேவரின் பதின்மூன்றாம் நூற்றாண்டு ‘சங்கீத ரத்னாகர’த்தில் வரும் ஏகதந்திரி வீணைவரை ஒரு கோடு இழுத்து, ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடத்தப்பட்ட ஒரு பையனின் வாழ்க்கை நமக்குப் பெருமைச் சான்றிதழாக மட்டும் பயன்படுவது கொஞ்சம் அருவருப்பாகவும் இருக்கிறது. மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் வீட்டுச் சுவரில் துடைப்பக் கம்பியை இழுத்துக் கட்டிப் புட்டியால் தேய்த்து வாசித்தார்கள். அதன் வேரை ஆப்பிரிக்காவில் தேடுகிறவர்களும் உண்டு. ஜான் ட்ரவுட்மன் 2016இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கத் தெற்கில் ஊர் ஊராகப் போன ஹவாயிக் குழுக்களின் பங்கை மறந்துவிட்டோம் என்கிறார். வழுக்கும் ஒலிக்கு ஒரே தாய் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

பட்டறைக்குத் திரும்புகிறேன். பலகை முப்பத்திரண்டு அங்குல நீளம், நாலங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஐம்பது கிலோவுக்கு மேல் இழுக்கும் என்பதால் கனத்தைக் குறைக்கக் கூடாது. அண்ணன் இழைப்புளி போட்டுத் தள்ளியதும் உள்ளேயிருந்து மஞ்சள் எழுந்து வந்தது. கம்பிகள் ஏறி உட்கார இருபக்கமும் எல் ஆங்கிள் துண்டுகள். பிரடைகளையும் காந்தச் சுருளையும் கடையில் வாங்கினேன். எஃகுத் துண்டு லேத் பட்டறையில் கடைந்தது.

கம்பி அதிரும் நீளம் இருபத்திரண்டரை அங்குலம், அதாவது 571.5 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் கோட்டின் தூரம், 32 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுக்க அடுத்த கோடு. பன்னிரண்டாவது கோடு சரியாகப் பாதியில் விழும். நான் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல அண்ணன் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். ஏழாவது கோட்டில் நிறுத்தினார்.

“தம்பி, கோடு தப்பினா சத்தம் தப்புமா?”

“தப்பாதுண்ணே. கம்பிதான் மரத்தத் தொடவே தொடாதே.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு கணக்கு?”

கண்ணுக்கு என்றேன். வாசிக்கிறவன் எங்கே இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள. சாதாரணக் கிதாரில் மெட்டு என்பது சட்டம். விரல் எங்கே விழுந்தாலும் அது சொன்ன ஸ்வரம்தான் பேசும். இங்கே சட்டம் வெறும் கோடாகச் சுருங்கிவிடுகிறது. ‘மேற்கின் சட்டகம் இங்கே தகர்கிறது’ என்று எழுத எனக்கும் கை பரபரத்தது. ஆனால் ஹவாயிக்காரர்கள் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் மேற்கத்திய ஸ்வர அமைப்புக்குள்தான். சட்டகம் தகரவில்லை, அதைச் சுமக்கும் பொறுப்பு மரத்திலிருந்து காதுக்கு மாறியது. அவ்வளவுதான்.

இனி பெயர் விஷயம். உலகின் முதல் மின்கிதார் ஒரு மடிக் கிதார்தான் என்பது பலருக்குத் தெரியாது. காந்தச் சுருளை வடிவமைத்தவர் ஜார்ஜ் பௌஷாம்ப். 1931இல் அதைப் பொருத்திப் பார்க்க ஒரு உடல் தேவைப்பட்டது. நேஷனல் கிதார்க் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த ஹாரி வாட்சன், சிறு கைக்கருவிகளும் அரமும் கொண்டு சில மணி நேரத்தில் மரத்தில் ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் ‘வாணலி’ என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது. சந்தைக்குப் போனவை அலுமினிய வார்ப்புகள். மேடை விளக்கின் சூட்டில் சுருதி இறங்கும் என்ற கெட்ட பெயர் அவற்றுக்கு. கம்பெனிக்கு நிலைத்த பெயர் அடால்ஃப் ரிக்கன்பாக்கருடையது. காப்புரிமை 1934இல் கேட்கப்பட்டு, 1937 ஆகஸ்ட் 10இல், 2,089,171 என்ற எண்ணில் பௌஷாம்ப் பெயருக்குக் கிடைத்தது. அதற்குள் போட்டிக் கம்பெனிகள் மின்கிதார்களைச் சந்தையில் இறக்கிவிட்டிருந்தன. இந்தச் சாமான் வேலை செய்யுமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டதால், சோல் ஹூபீ உள்ளிட்ட வாசிப்பாளர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி வாசித்துக் காட்டினார்களாம். ஹூபீ ஹவாயியில் பிறந்தவர். ஹவாயியின் கைப்பழக்கம், காப்புரிமை அலுவலகத்தில், வேறொருவரின் பெயருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. வாட்சனின் பெயர் வரலாற்றில் ஒரு வாக்கியத்தில் வந்து போகிறது. அந்த வாக்கியமாவது இருக்கிறது.

நம்மிடம் அதுவும் இல்லை. கோட்டு வாத்தியத்துக்கு அந்தப் பெயரையும் கச்சேரி மேடையையும் தேடித் தந்தவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பயின்றார். அவருக்குப் பின் மைசூர் அரசவையில் நாராயண ஐயங்கார், நம் காலத்தில் சித்திரவீணை என்ற பெயரை மீட்ட ரவிகிரண். வாசித்தவர்களின் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். சகாராம ராவின் வாத்தியத்தைக் குடைந்தது யார்? பலாமரத்தைத் தேர்ந்து, குடத்தைக் குடைந்து, மேளம் வைத்துத் தந்த ஆசாரிமார் பரம்பரைகளில் எத்தனை பெயர் நம் இசை வரலாறுகளில் இருக்கிறது? எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு யாழ் பற்றி இரண்டு தாள் எழுதத் தெரிந்திருந்தது. யாழ் செய்தவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதில்லை. தேர்வில் கேட்கவும் இல்லை.

மெருகு வேலையில் நான் சொதப்பினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் பூச வேண்டும். மழை விடட்டும் என்றார் அண்ணன். எனக்கு அவசரம். மூன்றாவது பூச்சில் பலகை முழுக்க வெள்ளை பாய்ந்து, கண்புரை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தை மாதம் வெயிலில் முதலிலிருந்து பூசினார். ஏழு பூச்சு.

கம்பி மாட்டிய அன்று உள்ளே எங்கேயாவது பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். காந்தச் சுருள் உட்காரும் குழியைக் காட்டினார். சுருளைக் கழற்றினேன். பென்சிலால் தேதியும் ‘பலா’ என்றும் ஏற்கெனவே எழுதியிருந்தார். பெயர் இல்லை. கேட்டதற்கு, “மரம் என்னன்னு தெரிஞ்சாத்தான தம்பி, நாளைக்கு ரிப்பேர் பண்றவனுக்கு ஒதவும்” என்றார்.