செப்பேட்டில் நின்ற சாட்சிகள்

ஓலையைக் கறையான் அரிக்கும். மையை ஈரம் கரைக்கும். ஆகவேதான் நிலைக்க வேண்டிய கொடைகளை அக்கால ஆட்சியாளர்கள் செப்புத் தகட்டில் உளிகொண்டு வெட்டுவித்தனர்.

கி.பி. 849-இல், சேர மன்னர் தாணு இரவியின் காலத்தில், வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி எனும் கிறித்தவ ஆலயத்திற்கு உரிமைகள் வழங்கினார். ஆணை வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகளின் பெயர்களோ கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலமைந்த பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. அரபியில் முதலில் நிற்பவர் மைமூன் இப்னு இப்ராஹீம். பிற சமயத்தார் ஆலயத்தின் உரிமைக்கு முஸ்லிம்கள் சாட்சி நின்றனர் என்பதை அச்செம்பு இன்றும் உரைக்கின்றது.

இன்று நாம் பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்துக் கொடையாளர் பெயரைப் பொறிக்கின்றோம். கொடையின் நோக்கத்தையும் சாட்சிகளையும் பொறிப்பதில்லை. பெயர் மட்டும் எஞ்சினால் வக்ஃபு சொத்தை எதைக்கொண்டு காப்போம்? இனி அவற்றையும் பொறிப்போமாக!