தானியம் தின்னும் ஷாங்காய்

சீனத்து இளசுகள் "தானியம் சாப்பிடப் போகிறோம்" என்று சொன்னால் ஏதோ சாப்பாட்டுக் கடைக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அனிமே, வீடியோ கேம் பாத்திரங்களின் படம் போட்ட பேட்ஜ், கார்டு, சாவிக்கொத்து, பொம்மை இதெல்லாம் வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். 'குட்ஸ்' என்ற ஆங்கில வார்த்தை சீன வாயில் 'குஸி' ஆனது. சீன மொழியில் குஸி என்றால் தானியம்! இந்தத் தானிய வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும் ஊர்களில் ஒன்று ஷாங்காய். ஆனால் அது அங்கே சுலபமாக வந்து சேரவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1941-ல் வான் சகோதரர்கள் 'இரும்பு விசிறி இளவரசி' என்ற முழுநீள கார்ட்டூன் படத்தை ஷாங்காயில்தான் எடுத்தார்கள். ஜப்பானில் அதைப் பார்த்து அசந்துபோன சிறுவர்களில் ஒருவர் ஒசாமு தெசுகா. பின்னாளில் அவர் உருவாக்கிய 'அஸ்ட்ரோ பாய்' 1980-ல் சீன அரசுத் தொலைக்காட்சிக்கு வந்தது. 90களில் டோரேமான், ஸ்லாம் டங்க் என்று வரிசையாக வந்து ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டன.

கேம் கதை இன்னும் சுவாரசியம். நின்டெண்டோ மெஷினைக் காப்பியடித்து, கீபோர்டு ஒன்றையும் சேர்த்து, 'படிப்பு மெஷின்' என்ற பெயரில் சியாவோபாவாங் என்ற கம்பெனி விற்றது. விளம்பரத்தில் ஜாக்கி சான். பையன் கம்ப்யூட்டர் கற்கிறான் என்று பெற்றோருக்குத் திருப்தி, பையனுக்கோ மரியோ!

2000 ஜூனில் அரசு விழித்துக்கொண்டது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லி, வீடியோ கேம் மெஷின்களைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது. 2006-ல் அடுத்த அடி: மாலை 5 முதல் 8 மணி வரை டிவியில் வெளிநாட்டு கார்ட்டூன் கூடாது.

தடை போட்டால் ஆசை போய்விடுமா? வியாபாரம் சந்துக்குள் போனது. ஷாங்காயின் சியூச்சியாங் சாலையில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களோடு கேம் மெஷின்களும் கைமாறின. அனிமே பொம்மைகளுக்கும் காமிக்ஸுக்கும் வென்மியாவ் சாலை. வென்மியாவ் என்றால் கன்ஃபூசியஸ் கோயில். பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று மாணவர்கள் வேண்டிக்கொள்ளும் இடம். வேண்டுதலை முடித்துவிட்டு வெளியே வந்தால் எதிரே பொம்மைக் கடை. அசலும் உண்டு, போலியும் உண்டு. அடுத்த தலைமுறையின் ரசனை அங்கேதான் வளர்ந்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குத் தடை இல்லை என்பதால் சீன கம்பெனிகள் கம்ப்யூட்டரிலும், பிறகு மொபைலிலும் கவனம் வைத்தன. 2012-ல் ஷாங்காய் ஜியாவோதோங் பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்த மிஹோயோ, 2020-ல் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' ஜப்பானியர்களையே விளையாட வைத்தது. மெஷின் தடை 2014-ல் தளர்ந்து, 2015-ல் நாடு முழுக்க நீங்கியது.

2023 ஜனவரியில், ஷாங்காயின் பேர்போன நாஞ்சிங் சாலையில் ஒரு பழைய டிபார்ட்மெண்ட் ஸ்டோர் கட்டிடம் முழுக்க அனிமே, கேம் கடைகளோடு 'பைலியன் ஸெட்எக்ஸ்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. பைலியன் யாருடைய நிறுவனம் தெரியுமா? அரசுடையது! 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், நாளுக்கு ஒரு மணி நேரம்தான் ஆன்லைன் கேம் ஆடலாம் என்று 2021-ல் விதி போட்டதும் அதே அரசுதான்.

தடையால் விளையாட்டு நிற்கவில்லை, சம்பாதிப்பவர்கள்தான் மாறினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டத்துக்குப் பயந்து பயந்து சந்தில் கடை நடத்தியவர்கள்தான் இந்த ரசனையைக் காப்பாற்றி வைத்தார்கள். அதன் அறுவடை இன்று நாஞ்சிங் சாலையில் நடக்கிறது. நட்டவர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?