பொது அமைப்புகள் சட்டம், 2011 (பிரிட்டன்)

பிரிட்டனில் அமைச்சகங்களுக்கு வெளியே, அரசுப் பணத்தில் இயங்கும் வாரியங்களையும் ஆணையங்களையும் ஒழிக்கவோ இணைக்கவோ மாற்றியமைக்கவோ அமைச்சர்களுக்கு அதிகாரம் தந்த சட்டம். இத்தகைய அமைப்புகளை அங்கே 'குவாங்கோ' என்பார்கள். சொல்லிலேயே கொஞ்சம் ஏளனம் உண்டு.

2010 மே மாதம் பதவியேற்ற பிரதமர் கேமரனின் கூட்டணி அரசு 901 அமைப்புகளை ஆராய்ந்தது. 192 அமைப்புகள் இனிப் பொது அமைப்புகளாக இருக்கமாட்டா, 118 அமைப்புகள் 57 ஆகச் சுருங்கும் என்று அக்டோபர் 14 அன்று அமைச்சர் பிரான்சிஸ் மோட் அறிவித்தார். இரண்டே வாரத்தில் மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்துவிட்டது.

எதை மூடுவது என்பதைவிட எப்படி மூடுவது என்பதில்தான் சண்டை முற்றியது. சட்டத்தால் பிறந்த அமைப்பைக் கலைக்க இன்னொரு சட்டம் வேண்டும் என்பது மரபு. அமைச்சரின் ஆணையே போதும் என்றது இம்மசோதா. சட்டத்தை ஆணையால் திருத்தவிடும் இவ்வகைப் பிரிவுக்கு 'எட்டாம் ஹென்றி பிரிவு' என்று பெயர். 1539இல் மன்னர் ஹென்றியின் நாடாளுமன்றம், அரச அறிவிக்கைகளுக்குச் சட்டத்துக்குச் சமமான வலிமை தந்தது. அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அறிவிக்கையைக் காட்டி ஒருவரின் உயிரையோ சொத்தையோ பறிக்க முடியாது. ஹென்றி இறந்த 1547ஆம் ஆண்டிலேயே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இந்திய வழக்கறிஞர்களுக்கும் இது பழகிய பெயர்தான். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் 'இடர்ப்பாடுகளை நீக்க' மத்திய அரசுக்கு அதிகாரம் தந்த, இவ்வகையைச் சேர்ந்த 37ஆம் பிரிவை, ஜாலான் டிரேடிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

மசோதாவின் ஏழாம் அட்டவணைதான் தொண்டையில் சிக்கிய முள். அதற்கு முந்தைய அட்டவணைகளில் எந்த அமைப்புக்கு என்ன கதி என்று எழுதியிருந்தது. ஏழாவதில் வெறும் பெயர்கள். பிற்பாடு வேண்டும்போது அங்கிருந்து ஒரு பெயரை எடுத்து ஒழிப்புப் பட்டியலில் போட்டுக்கொள்ளலாம். நீதிபதிகள் நியமன ஆணையமும், தவறான தண்டனைகளை மறுஆய்வு செய்யும் ஆணையமும் அதில் இருந்தன. அமைச்சரின் முகம் பார்த்துப் பிழைக்கும் ஆணையம் அமைச்சருக்கு எதிராக எப்படி வாய் திறக்கும்? பிரபுக்கள் சபையின் அரசமைப்புக் குழு மசோதாவைக் கடுமையாகச் சாடியது. 2011 தொடக்கத்தில் அரசு அந்த அட்டவணையைக் கைவிட்டது. அரசுக் காடுகளை விற்க வழிசெய்த பிரிவுகளும் மக்கள் எதிர்ப்பால் பிப்ரவரியில் போயின. தலைமை மரண விசாரணை அதிகாரி பதவியை ஒழிக்கும் முயற்சி, இறந்த படைவீரர்களின் குடும்பங்கள் சார்பில் எழுந்த எதிர்ப்பால் நவம்பரில் கைவிடப்பட்டது.

2011 டிசம்பர் 14இல் அரச ஒப்புதல் கிடைத்தது. அட்டவணைப் பெயர்கள் ஐந்தாண்டில் காலாவதியாகும் என்ற விதியும் சேர்ந்திருந்தது. இச்சட்டத்தின்கீழ் 2012இல் வட்டார வளர்ச்சி முகமைகள் மூடப்பட்டன. இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்கள் ஓர் அறக்கட்டளையிடம் போயின.