கண்ணாடிக் கூடத்திற்கான ஆற்றல்சேமிப்புக் கண்ணாடி

ஆற்றல்சேமிப்புக் கண்ணாடி என்பது வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பம் கடந்து செல்வதைக் கட்டுப்படுத்துமாறு செய்யப்படும் கட்டடக் கண்ணாடி ஆகும். சுவரும் கூரையும் பெரும்பாலும் கண்ணாடியால் அமைந்த ஒரு கூடம் ஆண்டு முழுவதும் பயன்படுமா, கோடையில் பூட்டிக் கிடக்குமா என்பது பெரிதும் இக்கண்ணாடியின் தேர்வைப் பொறுத்தது. குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட தேர்வு முறைகள் வெப்பநாடுகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. தூத்துக்குடி உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கடற்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

கண்ணாடிக் கூடம் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் செடிகளைக் காப்பதற்காகத் தோன்றியது. இந்தியாவில் 1889 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகை புகழ்பெற்றது. உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவிலும் ஒரு கண்ணாடி மாளிகை உண்டு. இவை இரண்டும் உயரமான, மிதமான தட்பவெப்பம் உள்ள இடங்கள். கடல்மட்டத்தில் உள்ள தூத்துக்குடியில் செடிகளுக்குத் தேவைப்படுவது நிழல்வலைதான். அங்கு கண்ணாடிக் கூடம் என்பது பெரும்பாலும் மொட்டை மாடியிலோ கடலை நோக்கிய திண்ணையிலோ அமைக்கப்படும் அமரும் அறையாகும்.

கண்ணாடிக்கு முன்பும் ஒளிபுகும் சாளரங்கள் இருந்தன. கோவாவில் போர்த்துக்கேயர் காலத்து வீடுகளில், மெல்லிய தட்டையான ஒருவகைச் சிப்பியின் ஓடுகளை மரச்சட்டத்தில் பொருத்தினர். அவை வெயிலின் கூச்சத்தைக் குறைத்து மங்கிய வெளிச்சத்தைத் தந்தன. இது தூத்துக்குடியில் குளித்தெடுக்கப்பட்ட முத்துச்சிப்பி அன்று, வேறு இனம்.

இரு முதன்மை அளவுகள்

கண்ணாடியின் தரத்தைக் கூறும் அளவுகளுள் இரண்டு இன்றியமையாதவை. முதலாவது யூ-மதிப்பு. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியே கடக்கும் வெப்பத்தை இது வாட்டில் தருகிறது. இரண்டாவது சூரிய வெப்ப ஈட்டக் கெழு. மேலே விழும் வெயிலின் ஆற்றலில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை இது 0 முதல் 1 வரையான எண்ணால் குறிக்கிறது.

6 மி.மீ. தடிப்புள்ள சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு யூ-மதிப்பு ஏறக்குறைய 5.7, வெப்ப ஈட்டக் கெழு 0.82. வெயில் தடுக்கும் பூச்சுடைய நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு இவற்றை முறையே 1.8, 0.25 எனக் கொள்ளலாம். 10 சதுர மீட்டர் கண்ணாடிக் கூரை மீது நண்பகலில் சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுகிறது, வெளியே 36 பாகை, உள்ளே 26 பாகை செல்சியசு என வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடி வழியே வெயிலால் மட்டும் 7,380 வாட் உள்ளே வரும். வெப்பநிலை வேறுபாட்டால் வருவது 570 வாட் மட்டுமே. இரட்டைக் கண்ணாடியில் இவை 2,250 வாட்டாகவும் 180 வாட்டாகவும் குறையும்.

அதாவது யூ-மதிப்பைக் குறைத்ததால் கிடைத்த பயன் 390 வாட். வெப்ப ஈட்டக் கெழுவைக் குறைத்ததால் கிடைத்த பயன் 5,130 வாட். ஒரு டன் குளிரூட்டி அகற்றும் வெப்பம் ஏறக்குறைய 3,500 வாட் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அளவு விளங்கும். குளிர்நாட்டில் உள்வெப்பத்தை இழக்காமல் வெயிலையும் வாங்க வேண்டும் என்பதால், குறைந்த யூ-மதிப்பும் உயர்ந்த வெப்ப ஈட்டக் கெழுவும் கொண்ட கண்ணாடி விரும்பப்படுகிறது. அதையே தூத்துக்குடியில் பொருத்தினால் கூடம் அடுப்பாகிவிடும். "இரட்டைக் கண்ணாடி" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்; பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியின் வெப்ப ஈட்டக் கெழு 0.7 அளவில் இருக்கும்.

இந்தியாவில் 2017 இல் வெளியான வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு, கூரைக் கண்ணாடிக்கு வெப்ப ஈட்டக் கெழு 0.35 ஐ மீறக்கூடாது என வரையறுத்தது. வீடுகளுக்கு அது பொருந்தாவிடினும் வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கது.

பூச்சு

வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. வெள்ளி கலந்த மிக மெல்லிய பூச்சு இதனைத் திருப்பி அனுப்பி, வெளிச்சத்தின் பெரும்பகுதியை உள்ளே விடுகிறது. இப்பூச்சு ஈரக்காற்றில் கெடும். ஆகவே இரட்டைக் கண்ணாடியின் அடைக்கப்பட்ட இடைவெளிக்குள், வெளிக்கண்ணாடியின் உட்புற முகத்தில் அது இருக்க வேண்டும். உருகிய நிலையிலேயே படிய வைக்கப்படும் கடினப் பூச்சு ஒற்றைக் கண்ணாடிக்கும் ஏற்றது. ஆனால் வெயிலைத் தடுப்பதில் பொதுவாக முன்னதற்கு ஈடாகாது. நிறமூட்டிய கண்ணாடி வெப்பத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அதில் ஒரு பகுதியை உள்ளேயே வீசுகிறது.

வெயிலின் திசை

தூத்துக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 9 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகத்து இறுதி வரை நண்பகல் சூரியன் வடபுறம் நிற்கும். ஆகவே வடக்குச் சுவரில் வெயில் விழாது என்னும் பொதுவிதி இங்கு செல்லாது. எனினும் அவ்வெயில் மிகச் செங்குத்தாக வருவதால் 1.2 மீட்டர் உயரச் சாளரத்திற்கு 30 செ.மீ. அளவிலான மேல்மறைப்பே போதும். தென்புறத்தில் திசம்பர் நண்பகலுக்கு 75 செ.மீ. அளவு வேண்டும்.

சிக்கல் கிழக்கிலும் மேற்கிலும்தான். கடல் கிழக்கே இருப்பதால் எல்லோரும் கண்ணாடியை அப்பக்கமே வைக்க விரும்புகின்றனர். காலை வெயிலோ தாழ்வாக நேரே உள்ளே வரும். இதற்கு மேல்மறைப்பு உதவாது. வெளிப்புறத்தில் தொங்கும் பனையோலைத் தட்டி விலையுயர்ந்த பல கண்ணாடிகளைவிடப் பயன் தரும். வெப்பத்தை அது கண்ணாடியைத் தொடுமுன்னரே நிறுத்துகிறது. உள்ளே தொங்கும் திரைச்சீலைக்கு அந்த ஆற்றல் இல்லை. பிற்பகலில் வீசும் கடற்காற்றைப் பயன்படுத்த, கீழே திறப்புகளும் கூரையருகே வெளியேற்றும் திறப்புகளும் வைத்தல் நன்று.

உப்புக்காற்றும் பாதுகாப்பும்

கடலும் உப்பளங்களும் சூழ்ந்த ஊரில் கண்ணாடியைவிடச் சட்டமே முதலில் கெடுகிறது. அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகாணி இட்டால் உப்பு ஈரத்தில் மின்வேதி அரிப்பு ஏற்படும். 316 வகைத் துருவேறா எஃகுத் திருகாணிகளை இடையே நெகிழித் தட்டு வைத்து முடுக்குவது வழக்கம். யூபிவிசி சட்டம் துருப்பிடிக்காது, வெப்பத்தையும் குறைவாகவே கடத்தும். விளிம்பு அடைப்பு பழுதானால் இடைவெளியில் ஈரம் புகுந்து கண்ணாடி நிரந்தரமாக மங்கிவிடும்; அதைத் துடைக்க வழியில்லை, மாற்றவே வேண்டும்.

தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் உட்புறத் தகடு கட்டாயம் அடுக்குக் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் சிறு துண்டுகளாகக் கொட்டும். அடுக்குக் கண்ணாடியில் நடுவே உள்ள நெகிழிப் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.